விகுதிக்குள் மறையும் சொல்: வேதாகமத் தேடலும் நன்னூலும்

(கீழ்வேளூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். சம்பந்தரும் அப்பரும் பாடிய இந்தத் தலம் ஏட்டில் கீழ்வேளூர்; பேச்சில் கீவளூர். கிழக்கே உள்ள துறைமுகம் நாகப்பட்டினம், நாகை என்று இரண்டு பெயர்களில் வழங்குகிறது. இவை ஒன்றே என்று இங்குள்ள எவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கணினிக்குச் சொல்லித்தர வேண்டும். யாராவது உட்கார்ந்து, இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஓர் ஊரையே குறிக்கின்றன என்று எழுதிவைத்தால்தான் அது ஒன்றைக் கேட்டவருக்கு மற்றதையும் தரும். இன்று நான் பேச வந்தது வேதாகமத்தைப் படிப்பதற்கான மென்பொருள்களில் தமிழ்ச் சொல்லைத் தேடுவது பற்றி. வேதாகமத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சொல் சொல்லாகத் தேடப்படும் நூல் அது. பிரசங்கம் செய்பவர், ஞாயிறு பள்ளி ஆசிரியர், மொழிபெயர்ப்பை ஆராய்பவர், நினைவில் நிற்கும் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வசனத்தைத் தேடும் பாட்டி, எல்லோரும் அதனிடம் கேட்பது ஒன்றுதான்: இந்தச் சொல் எங்கெங்கே வருகிறது? ஒன்றும் விடுபடாமல் வேண்டும். அந்தக் கேள்விக்குத் தமிழில் இன்னும் முழு விடை கிடைப்பதில்லை என்பதும், அந்த விடைக்கான வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது என்பதும் என் வாதம்.

தேடல் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் மென்பொருள் ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை வாசிப்பதாக நினைத்துவிடக் கூடாது. 66 புத்தகங்கள், ஏறத்தாழ 31,000 வசனங்கள். அவற்றை அது முன்பே ஒருமுறை வாசித்து, சொற்களைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வசனத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கும். நூலின் கடைசியில் அச்சிடும் சொல்லடைவு போன்றதுதான் அது. நாம் கேட்கும்போது அந்தப் பட்டியலை மட்டும் புரட்டுகிறது. ஆகவே பட்டியல் போடும் நேரத்தில் நேர்ந்த பிழை பின்னால் எத்தனை முறை தேடினாலும் பிழையாகவே இருக்கும். பிழை நேரக்கூடிய இடங்கள் இரண்டு. சொல்லைச் சொல்லாகப் பிரிக்கும் இடம் ஒன்று. பிரித்த சொற்களில் எவை ஒரே சொல்லின் வடிவங்கள் என்று கண்டுகொள்ளும் இடம் மற்றது.

முதல் பிழையைச் சொன்னால் நம்புவது கடினம். ‘தண்ணீர்’ என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடு முறையில் அது ஏழு குறியெண்: த, ண, புள்ளி, ண, ஈகாரக் குறி, ர, புள்ளி. இவற்றில் த, ண, ர ஆகியவற்றுக்கு ‘எழுத்து’ என்ற தகுதி உண்டு. புள்ளிக்கும் ஈகாரக் குறிக்கும் அந்தத் தகுதி இல்லை. அவை ‘சேர்குறி’ வகை. எழுத்து முடிந்த இடத்தில் சொல் முடிந்தது என்று கொள்ளும் நிரல், தண்ணீரைத் ‘தண’, ‘ண’, ‘ர’ என்று மூன்று துண்டாக்கிவிடும். பைத்தான் என்ற நிரல்மொழியில் சொல்லெழுத்தைக் குறிக்கும் வழக்கமான குறி இன்றும் இப்படித்தான் வெட்டுகிறது. உலகெங்கும் பயன்படும் லூசீன் என்ற தேடல் நிரலகத்தின் பொதுவான சொற்பிரிப்பானும் இந்திய மொழிகளை இவ்வாறே சிதைத்துக்கொண்டிருந்தது. 2011-இல் வந்த 3.1 பதிப்பில்தான் யூனிகோடு வகுத்த சொல்லெல்லை விதிகளுக்கு அது மாறியது. வேதாகம மென்பொருள்களில் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் ஸ்வோர்டு, தன் தேடலுக்குச் சி-லூசீனைப் பயன்படுத்துகிறது. அதுவோ லூசீனின் பழைய பதிப்பின் வழியில் வந்தது. இதைச் செய்தவர்களிடம் வஞ்சம் எதுவும் இல்லை. எழுத்துக்கு மேலும் கீழும் பக்கத்திலும் குறி ஏறும் மொழியில் அவர்கள் சிந்திக்கவில்லை, அவ்வளவே. புள்ளி இல்லாமல் மெய்யெழுத்து இல்லை என்பது நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. அது நிரலுக்குள் போய்ச் சேரப் பல ஆண்டுகள் பிடித்தன.

இந்த முதல் பிழை பெரும்பாலும் தீர்க்கக்கூடியது, பல இடங்களில் தீர்ந்தும் விட்டது. ‘கொ’ என்பதை ஒரே கொம்புக்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இப்படி இரட்டைப் பிறப்பு. யூனிகோடுக்கு முன் தஸ்கி, டாப், டாம் என்று பல குறியீட்டு முறைகளில் தட்டிய கோப்புகளும் உண்டு. இவற்றையெல்லாம் ஒருமைப்படுத்தும் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. பொறுமையாகக் கடைப்பிடித்தால் போதும். இரண்டாவது பிழைதான் ஆழமானது.

1871-இன் பழைய மொழிபெயர்ப்பில் ‘தேவன்’ என்று தேடுங்கள். தேவனை, தேவனுக்கு, தேவனால், தேவனுடைய என்ற வடிவங்கள் எதுவும் வராது. ஏனென்றால் நீங்கள் தட்டிய சொல்லின் கடைசியில் புள்ளி இருக்கிறது. அந்த வடிவங்களில் னகரத்தின் மேல் புள்ளி இல்லை, உயிர் ஏறிவிட்டது. சரி, கடைசி எழுத்தை விட்டுவிட்டுத் ‘தேவ’ என்று தொடங்குவதையெல்லாம் கேட்டால் என்ன? தேவாலயம் வரும், தேவதூதன் வரும், ‘தேவை’யும் சேர்ந்து வரும். ‘அப்பம்’ என்று தேடினால் அப்பத்தை, அப்பங்கள் இரண்டும் விடுபடும். மகரம் ஓரிடத்தில் அத்துச் சாரியைக்கு வழிவிடுகிறது, மற்றோரிடத்தில் ஙகரமாகிறது. ‘அப்பத்தைப் பிட்டு’ என்று வல்லினம் மிகுந்த இடத்தில், சொல்லின் இறுதியில் ஒரு பகரம் கூடி அது வேறொரு சொல்லாகவே பட்டியலில் ஏறிவிடும். ‘ஆடு’ என்று கேட்டவருக்கு ஆட்டுக்குட்டி கிடைக்காது. புதிய ஏற்பாட்டில் ஆட்டுக்குட்டி எவ்வளவு பெரிய சொல் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வினைச்சொல்லுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். ‘வா’ என்பதற்கும் வந்தான், வருகிறான், வராதே என்பவற்றுக்கும் பொதுவாக மிஞ்சுவது ஒரு வகரம். கேள், கேட்டான், காண், கண்டான், சொல், சொன்னான். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய வடிவங்கள்தான். தமிழில் ஒரு வினைப்பகுதி காலம், இடம், பால், எண், எச்சம், எதிர்மறை, துணைவினை என்று கிளைத்து நூற்றுக்கணக்கில் பெருகும். பெயர்ச்சொல் வேற்றுமை உருபோடு உம், ஏ, ஓ என்ற இடைச்சொற்களையும் ஏற்றுக்கொண்டு வளர்கிறது. அச்சான சொல்லை அப்படியே பட்டியலிட்டால், ஒரு சொல்லின் உறவினர் நூறு வீடுகளில் பிரிந்து கிடப்பார்கள்.

இதற்குத் தீர்வைத் தேடி வெளியூர் போக வேண்டாம். பவணந்தி முனிவர் நன்னூலில் பகுபத உறுப்புகள் ஆறு என்று வகுத்தார்: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். பள்ளியில் ‘வந்தனன்’ என்ற சொல்லை நாம் எல்லோரும் பிரித்து எழுதியிருக்கிறோம். பகுதி ‘வா’, அது ‘வ’ எனக் குறுகியது விகாரம், சந்தி தகரம், அது நகரமானதும் விகாரம், இடைநிலை தகரம், இறந்தகாலம் காட்டும், சாரியை அன், விகுதி அன், ஆண்பால் காட்டும். மதிப்பெண்ணுக்காக எழுதி மறந்த அந்தப் பயிற்சிதான் தமிழ்த் தேடலுக்கு வேண்டிய வரைவு. விகுதியை வெட்டினால் மட்டும் ‘வந்’ என்பதிலிருந்து ‘வா’வுக்குப் போய்விட முடியாது, நடுவில் ஒரு விகாரம் இருக்கிறது என்பதை நன்னூல் வெளிப்படையாகச் சொல்லிவைத்திருக்கிறது. சொல்லின் எந்த உறுப்பு எந்த இடத்தில் நிற்கும், எது எதனால் மாறும் என்று இவ்வளவு ஒழுங்காக எழுதிவைத்த மரபு கொண்ட மொழிக்கு, அச்சான வடிவத்தை மட்டும் பொருத்திப் பார்க்கும் தேடலைக் கொடுத்துவிட்டுப் போவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பிற மொழிகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டில் பாரிசில், ஹியூ என்ற தொமினிக்கன் துறவியின் மேற்பார்வையில் இலத்தீன் வேதாகமத்துக்கு முதல் சொல்லடைவு உருவானது. 1737-இல் அலெக்சாண்டர் குரூடன் ஆங்கிலத்துக்கு ஒன்று செய்தார். 1890-இல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் இன்னும் ஒரு படி போய், ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் பின்னால் நிற்கும் எபிரேய, கிரேக்க மூலச்சொல்லுக்கு ஓர் எண் கொடுத்தார். கணினிக் காலம் வந்தபோது, 1949-இல் தொடங்கி ராபர்ட்டோ பூசா என்ற இயேசு சபைக் குரு தோமா அக்குவினாரின் நூல்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட இலத்தீன் சொற்களைத் துளையட்டைகளில் ஏற்றினார். ஒவ்வொரு வடிவத்தையும் அதன் அகராதித் தலைச்சொல்லோடு சேர்த்தார். வேற்றுமையும் காலமும் சொல்லின் உருவை மாற்றும் மொழிக்கு வேறு வழி கிடையாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஃபிலடெல்ஃபியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் இறையியல் கல்லூரி எபிரேய வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் பகுதியும் இலக்கணக் குறிப்பும் எழுதி முடித்தது. அதன் பயன் இது: இன்று வேதாகம மென்பொருளில் எபிரேய வினை ஒன்றைக் கேட்டால் அதன் எல்லா வடிவமும் வரிசையாக வந்து நிற்கும். அதே திரையில் பக்கத்தில் திறந்திருக்கும் தமிழ் வேதாகமத்தில் ‘தேவன்’ என்று கேட்டால் ‘தேவனை’ வராது. மூலமொழிகளுக்குக் கிடைத்த கவனம் வாசகரின் மொழிக்குக் கிடைக்கவில்லை.

நம் பக்கத்திலும் இந்த உழைப்புக்கு முன்னோடிகள் உண்டு. சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கிய அகராதி நிகண்டை 1594-இல் இரேவணசித்தர் செய்தார். வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை முடித்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை சங்க இலக்கியத்துக்கு மூன்று தொகுதிகளாகச் சொல்லடைவு வெளியிட்டது. 2007-இல் அதே நிறுவனத்திலிருந்து கணினித் தேவாரம் குறுவட்டாக வந்தது. இந்த ஊர்ப் பதிகங்களும் அதில் உண்டு.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: இதற்கென நிரல்கள் வந்துவிட்டனவே. உண்மைதான். 1980-இல் மார்ட்டின் போர்ட்டர் ஆங்கிலத்துக்கு விகுதி களையும் முறையை வெளியிட்டார்; அவர் தொடங்கிய ஸ்னோபால் தொகுப்பில் இப்போது தமிழுக்கும் ஒன்று இருக்கிறது, லூசீனும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதை எழுதியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். செய்தித்தாள், இணையம் போன்ற கரையில்லாத பெருக்குக்கு அது போதும். ஆனால் விதியால் மட்டும் வெட்டும் நிரலுக்குச் சொல்லின் குடும்பம் தெரியாது. இரண்டு சொற்களைச் சொல்கிறேன், இரண்டும் காவிரிக்கரைச் சொற்கள். ஒன்று ஆறு. ஓடும் ஆறு வேற்றுமை ஏற்கும்போது ஆற்றை, ஆற்றில் என்று றகரம் இரட்டும். எண்ணாகிய ஆறு இரட்டாது. எழுவாயில் ஒன்றாகத் தோன்றும் இரண்டு சொற்களை உருபு ஏற்ற வடிவம் பிரித்துக் காட்டிவிடுகிறது. மற்றது நீர். வேதாகமத்தில் கடவுளை விளித்துப் பேசும் இடமெல்லாம் ‘நீர்’. சங்கீதங்களில் பக்கத்துக்குப் பக்கம் அதுதான். தண்ணீரைக் குறிக்கும் நீரைத் தேடுபவர் அந்தச் செபங்களுக்குள் தொலைந்துபோவார். ஆனால் குடிக்கும் நீர் நீரை, நீரில் என்றும், முன்னிலை நீர் உம்மை, உமக்கு என்றும் திரியும். ஆக, விகுதி நாம் எறிய வேண்டிய உமி அன்று. சொல் எந்தக் குடும்பம் என்று காட்டும் சான்று அதுவே. கண்மூடி வெட்டும் நிரல் அந்தச் சான்றை முதலில் அழித்துவிட்டுப் பிறகு ஊகிக்கிறது. ஆகவே பட்டியலில் இரண்டும் இருக்க வேண்டும்: அச்சான வடிவம் அப்படியே ஒரு பக்கம், அதன் பகுதி மறுபக்கம். வல்லினம் மிக்க இடத்தை ஆராய்பவர் முதலாவதைத் தேடட்டும்; பொருளைத் தேடுபவர் இரண்டாவதை.

இரண்டாவது மறுப்பு ஸ்ட்ராங் எண்களை நம்புவோரிடமிருந்து வருகிறது. தமிழ் வசனத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் மூலமொழி எண்ணைக் கட்டிவிட்டால் போதும், தமிழ் இலக்கணத்துக்குள் இறங்க வேண்டாம் என்பார்கள். அது பயனுள்ள வேலை, செய்யட்டும். அது விடை சொல்வது எபிரேயரும் கிரேக்கரும் கேட்கும் கேள்விக்கு. தமிழ் வாசகரின் நெஞ்சில் தங்குவது தமிழ்ச் சொல். ஒரு கிரேக்கச் சொல்லை மொழிபெயர்ப்பாளர் நான்கு தமிழ்ச் சொற்களால் பெயர்த்திருப்பார். வேறு மூன்று கிரேக்கச் சொற்களை ஒரே தமிழ்ச் சொல்லில் அடக்கியிருப்பார். அந்தத் தேர்வை ஆராயவே தமிழ்ப் பகுதிவழித் தேடல் வேண்டும். மேலும், எண் கட்டுவது எபிரேய, கிரேக்க மூலநூல் உள்ள மொழிபெயர்ப்புக்கு மட்டும்தான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சிக்கோ, கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்கோ எந்த எண்ணைக் கட்டுவது? அவையும் வேதாகமத்தின் பக்கத்தில் வைத்துத் தேடப்பட வேண்டிய நூல்கள்.

மூன்றாவது மறுப்பு இன்றையது. செயற்கை நுண்ணறிவு பொருளையே புரிந்துகொள்கிறதே, இனிச் சொல்லடைவு எதற்கு என்று கேட்கிறார்கள். பொருளில் நெருங்கிய பகுதிகளை அது எடுத்துத் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் நெருங்கியது வேறு, முழுமை வேறு. ஒரு சொல் 43 இடங்களில் இருந்தால் 43-ம் வேண்டும், 44-ஆவது கூடாது. சொல்லடைவு தரும் உறுதி அது. ஒப்புமையை அளந்து வரிசைப்படுத்தும் முறை அந்த உறுதியைத் தருவதில்லை. அந்தக் கருவிகளும் தமிழைத் துண்டாக்கித்தான் வாங்கிக்கொள்கின்றன. பரவலான யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட். தண்ணீருக்கு 21 பைட், அதன் ஆங்கிலச் சொல்லுக்கு ஐந்து. பைட்டுகளிலிருந்து துண்டுகளைக் கட்டும் கருவியில் சொல்லின் எல்லையும் பகுதியின் எல்லையும் நம் இலக்கணப்படி அமையும் என்று எதிர்பார்க்க இடமில்லை. சரிபார்த்த பட்டியல் ஒன்று இருந்தால் அந்தக் கருவிகளையும் அதைக் கொண்டு திருத்தலாம்.

இன்னொரு சிக்கலை மறுப்பென்று சொல்ல முடியாது. வரலாறு நம் கையில் கொடுத்த முடிச்சு. இங்கிருந்து சிறிது தூரத்தில் கத்தோலிக்கரின் வேளாங்கண்ணி. வடக்கே தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய லுத்தரன் சபையின் சீகன்பால்கு 1714, 1715 ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். கத்தோலிக்கரும் லுத்தரன் திருச்சபையாரும் இந்தக் கழிமுகத்தில் ஒருவரையொருவர் மறுத்து எழுதினார்கள். அந்தப் பிளவு சொல்லிலும் தங்கியது. ஒரு தலைமுறையின் கத்தோலிக்கர் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று சொன்னவர்களை மற்றவர்கள் பேதுரு, பவுல், யோவான் என்றார்கள். சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று இறைப்பெயரே நான்கு விதமாக வழங்கியிருக்கிறது. 1871-இன் மொழிபெயர்ப்பில் ஞானஸ்நானம், சுவிசேஷம்; 1995-இன் பொது மொழிபெயர்ப்பில் திருமுழுக்கு, நற்செய்தி. இவற்றை இலக்கணம் இணைக்காது. இதற்குத் தனியாக ஓர் இணைச்சொல் பட்டியல் வேண்டும், பகுதிப் பட்டியலுக்கு மேல் அடுத்த அடுக்காக. வாசகர் விரும்பினால் மட்டும் அது திறக்க வேண்டும். இராயப்பரைத் தேடுபவருக்குப் பேதுரு கிடைப்பது உதவி. எந்தச் சபை எந்தச் சொல்லை எப்போது கைவிட்டது என்று ஆராய்பவருக்கு இரண்டும் கலந்து வருவது இடைஞ்சல்.

இவ்வளவையும் யார் கையால் செய்து முடிப்பது என்ற கேள்வி எழும். இங்கேதான் வேதாகமத்தின் இயல்பு நமக்குக் கைகொடுக்கிறது. அது முடிந்த நூல். இணையம்போல் நாளும் வளர்வதில்லை. ஒரு மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டால் அதில் உள்ள சொல்வடிவங்களுக்கு எல்லை உண்டு. நிரல் முதலில் ஒரு பகுதியை முன்மொழியட்டும். தமிழறிந்த ஒருவர் ஏற்கட்டும் அல்லது திருத்தட்டும். ஒருமுறை சரிபார்த்தது என்றைக்கும் நிற்கும், அதைத் திறந்த உரிமத்தில் வைத்தால் எல்லா மென்பொருளுக்கும் பயன்படும். தேவாரத்துக்கும் சீறாப்புராணத்துக்கும் அதே பகுதிப் பட்டியல் பெருமளவு உதவும். வா, காண், கேள் என்ற வினைகளுக்குச் சமயம் கிடையாது.

எங்கே தொடங்கலாம் என்பதற்கும் எனக்கு ஒரு விருப்பம் உண்டு. பழைய ஏற்பாட்டைப் பெயர்க்கத் தொடங்கிய சீகன்பால்கு ரூத் புத்தகம் வரை வந்து, 1719-இல் காலமானார். அவர் நின்ற அந்த ரூத்திலேயே தொடங்கலாம்: நான்கே அதிகாரம், 85 வசனம். பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம், கணவனை இழந்த மருமகள், அறுவடைக்களம், அறுத்தவர்களுக்குப் பின்னால் சிந்திய கதிரைப் பொறுக்கும் பெண். கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் பதிலாகச் சம்பாவை வைத்தால் இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு வரியும் விளங்கும். இங்குள்ள தமிழாசிரியர்கள் சிலரும், வயல்வேலை அறிந்த பெரியவர் ஒருவரும், நிரல் எழுதத் தெரிந்த மாணவர் ஒருவரும் சேர்ந்தால் இந்த 85 வசனங்களுக்குப் பகுதிப் பட்டியல் எழுதிவிடலாம். முதல் நாளே ஒரு கேள்வியில் நிற்பார்கள். அறுத்தான், அறுப்பு, அறுவடை, அறுக்கிறவர்கள் எல்லாம் ‘அறு’ என்ற ஒரு பகுதியின் கீழ் வரும். கயிறு அறுந்தது, துணை அற்றவள் என்னும்போதும் ‘அறு’தான் பகுதி, ஆனால் அது தன்வினை, முன்னது பிறவினை. இரண்டையும் ஒரே தலைப்பில் வைப்பதா, இரண்டு தலைப்பாகப் பிரிப்பதா? ரூத்தின் கதையில் துணையற்ற பெண்ணும் அறுக்கும் ஆட்களும் ஒரே வயலில் நிற்கிறார்கள்.